1930களின் பிரெஞ்சு அழகுக் கார்களை மாடலாகச் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கண்ணாடி அலமாரியைப் பார்ப்பவர்கள் முதலில் "எவ்வளவு ஆயிற்று?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. அதற்கு அடுத்தபடியாக வரும் கேள்விகளையும், சேர்க்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களையும், அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பொம்மைக் கார்தானே? இதைப் பெரியவர்கள் சேர்ப்பானேன்?

பொம்மை என்றால் விளையாட வேண்டும். இவற்றை எடுத்து ஓட்டினால் முதல் நாளே கண்ணாடித் துடைப்பான் உடைந்துவிடும். இவை உண்மையான ஒரு காரை அளவு மாறாமல் சுருக்கிச் செய்தவை. பெரும்பாலும் பெட்டியிலேயே "14 வயதுக்கு மேற்பட்டோருக்கு" என்று அச்சிட்டிருப்பார்கள்.

ஏன் சேர்க்கிறோம் என்றால், அசலை வாங்க வழியில்லை. 2022 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் ஒரு டால்போ-லாகோ டி150-சி எஸ்எஸ் கார் 1 கோடியே 34 லட்சம் டாலருக்குப் போனது. நேரில் பார்ப்பதே அரிது. ஆனால் அதன் முதுகு வளைந்து இறங்கும் விதத்தை வீட்டில் உட்கார்ந்து, விரும்பிய கோணத்தில், விரும்பிய நேரம் பார்க்க ஒரு நல்ல மாடல் போதும்.

காரைக் கம்பெனிதானே செய்யும்? தனியாக ஒருவர் பாடி கட்டினார் என்றால் என்ன பொருள்?

நம் பஸ்களை நினைத்துக்கொள்ளுங்கள். சேசிஸும் என்ஜினும் ஒரு தொழிற்சாலையிலிருந்து வரும். கரூரில் பாடி கட்டுவார்கள். அன்றைய பிரான்சில் விலையுயர்ந்த கார்களுக்கும் இதுதான் நடைமுறை. டெலாயே, டெலாஜ், டால்போ, ஹிஸ்பானோ-சூயிஸா போன்ற நிறுவனங்கள் சட்டகம், என்ஜின், சக்கரம், ரேடியேட்டர் வரை கொடுத்துவிடும். வாங்கியவர் அதை ஒரு பாடி கட்டும் கலைஞரிடம் கொண்டுபோய், வரைபடம் பார்த்து, தோலும் துணியும் நிறமும் தேர்ந்தெடுத்துத் தமக்கென்று ஒரு காரைச் செய்வித்துக்கொள்வார். மர எலும்புக்கூட்டின் மேல், கையால் தட்டி வளைத்த தகடு.

அதனால் ஒரு டெலாயே 135க்கும் இன்னொரு டெலாயே 135க்கும் தோற்றத்தில் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். மாடல் சேர்ப்பவர் இதை முதல் நாளே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். "டெலாயே 135 மாடல்" என்று யாராவது விற்றால், "யார் கட்டிய பாடி, எந்த ஆண்டு, எந்தக் கார்?" என்று திருப்பிக் கேளுங்கள். இனி வரும் பல பதில்கள் இந்தக் கேள்வியைச் சார்ந்தே இருக்கும்.

பெயர்கள் வாயில் நுழையவில்லை. யார் யாரைத் தெரிந்துகொண்டால் போதும்?

ஐந்தாறு பேர் போதும். முதலில் ஃபிகோனி எ ஃபலாஸ்கி. இத்தாலியில் பிறந்து பாரிஸை ஒட்டிய பூலோனில் பட்டறை வைத்த ஜோசஃப் ஃபிகோனியின் கைத்திறனும், 1935இல் கூட்டாளியாக வந்த ஒவிதியோ ஃபலாஸ்கியின் பணமும் சேர்ந்தது இது. சக்கரங்களையே மூடிவிடும் நீர்த்துளி வடிவ மட்கார்டுகள் இவர்களுடைய முத்திரை. 1936 பாரிஸ் கண்காட்சியில், ஓவியர் ஜியோ ஹாமின் வரைபடத்தை ஒட்டி இவர்கள் காட்டிய டெலாயே, பார்த்தவர்களில் பாதிப் பேரை மயக்கியது. மீதிப் பேரை முகம் சுளிக்க வைத்தது.

அடுத்து ஜாக் சவுட்சிக். ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த மரவேலைக்காரர்; 1906இல் நூயியில் பட்டறை தொடங்கினார். குரோமியப் பட்டைகளை அள்ளித் தெளிப்பார். எனக்கு அவருடைய கார்கள் அலங்காரம் மிகுந்த திருமண மேடை போலத் தோன்றும். 1938இல் செய்த ஹிஸ்பானோ-சூயிஸா "ஸெனியா" மட்டும் விதிவிலக்கு. அதை வரைந்தவர் ஜான் ஆந்த்ரோ. செய்வித்தவர் ஆந்த்ரே துபோனே. இறந்துபோன மனைவியின் பெயரைக் காருக்கு வைத்தார். லெவல்லுவாவின் ஆன்ரி ஷாப்ரோனும், லெத்தூர்னர் எ மார்ஷானும் அடக்கமானவர்கள். கொல்மாரில் இருந்த கங்லோஃப், அதே வட்டாரத்து மோல்ஸைமின் புகாட்டிகளுக்கு நிறையப் பாடி கட்டினார்.

பாடி கட்டிய மார்செல் பூர்தூவின் பெயரோடு ஜோர்ஜ் போலானையும் நினைவில் வையுங்கள். பல் மருத்துவத் தொழிலிலிருந்து கார் வரைய வந்தவர். உலோகக் கூரை அப்படியே பின்னால் டிக்கிக்குள் இறங்கும் "எக்லிப்ஸ்" அமைப்பு அவருடையது. 1934இல் பெஜோ 401இல் வந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது பிரிட்டிஷ் உளவுத்துறைக்குத் தகவல் அனுப்பியதற்காக 1942இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வரைந்த பெஜோ தார்ல்மாவின் மாடல் கையடக்கமாக இருக்கும். என் அலமாரியில் நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.

ஏன் முப்பதுகளோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்?

அதற்கு முன் கார்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. முப்பதுகளின் நடுவில் விமானங்களைப் பார்த்து, காற்றை வெட்டும் வடிவம் என்ற ஆசை எல்லோரையும் பிடித்துக்கொண்டது. காற்றுச் சுரங்கச் சோதனை செய்து வரைந்தவர்கள் குறைவு. கண்ணை நம்பி வரைந்தவர்களே அதிகம். வடிவங்கள் இவ்வளவு துணிச்சலாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முடிவும் அதே பத்தாண்டில் தொடங்கிவிட்டது. 1934இல் வந்த சித்ரோயென் த்ராக்சியோன் காரில் தனிச் சட்டகமே இல்லை, பாடிதான் சட்டகம். அந்த முறை பரவியபோது தனியாகப் பாடி கட்டுபவருக்கு வேலை இல்லாமல் போனது. ஹிஸ்பானோ-சூயிஸா 1938இல் கார் செய்வதை நிறுத்தியது. போருக்குப் பின் பெரிய என்ஜின்களுக்குப் பிரெஞ்சு அரசு போட்ட வரி மிச்சமிருந்தவர்களையும் முடித்தது. டெலாயே 1954 வரை தாக்குப்பிடித்தது.

1:43, 1:18 என்கிறார்கள். எதில் தொடங்குவது?

1:43 என்றால் அசலின் நீளத்தில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. இந்த விநோத எண் பொம்மை ரயிலிலிருந்து வந்தது. ஓ கேஜ் ரயில்களில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கு. அந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் செய்த கார்களும் அதே கணக்கைப் பிடித்துக்கொண்டன.

இந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கார்களுக்கு 1:43தான் என் பரிந்துரை. முதற்காரணம், ஃபிகோனி முதல் பெயர் தெரியாத பட்டறை வரை வகைவகையாகக் கிடைப்பது இந்த அளவில்தான். இரண்டாவது, இடம். புகாட்டி ருவாயாலின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே மட்டும் 4.3 மீட்டர். 1:43இல் அது 10 சென்டிமீட்டர், 1:18இல் 24. டால்போ டி150-சி எஸ்எஸ் காரில் அதே இடைவெளி 2.65 மீட்டர்தான்; 1:43இல் ஆறு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ருவாயால் என்ன பூதம் என்று புரியும். அந்த ஒப்பீட்டுக்காகவே ஒரே அளவில் சேர்க்கச் சொல்கிறேன்.

உட்புறத் தையல், என்ஜின், கதவுக் கீல் எல்லாம் பார்க்க வேண்டும் என்பவர்கள் 1:18க்குப் போகலாம். கையால் கட்டி முடிக்கும் ஆசை இருந்தால் ஹெல்லரின் 1:24 பிளாஸ்டிக் பெட்டிகள் உண்டு. இத்தாலியின் போச்சர் 1:8 அளவில் புகாட்டி 50டி காரைக் கட்டுமானப் பெட்டியாக விற்றது. அதை வாங்குபவர் திருமணமானவராக இருந்தால் முதலில் வீட்டில் பேசிவிட்டு வாங்கட்டும்.

உலோக மாடல் நல்லதா, ரெசின் மாடல் நல்லதா? ரெசின் வெறும் பிளாஸ்டிக்தானே?

டைகாஸ்ட் எனப்படும் உலோக வார்ப்புக்கு எஃகு அச்சு வேண்டும். அந்த அச்சின் செலவை ஈடுகட்ட ஆயிரக்கணக்கில் விற்றாக வேண்டும். அதனால் எல்லோருக்கும் தெரிந்த கார்கள் மட்டுமே உலோகத்தில் வரும். புகாட்டி அட்லாண்டிக் இருபது விதமாகக் கிடைப்பதும் அதனால்தான். ரெசினும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான், திரவமாக ஊற்றி இறுக வைப்பது. அதற்கு சிலிகோன் ரப்பர் அச்சு போதும். சில நூறு எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே ஒரு முறை கட்டப்பட்ட பாடிகள் மாடலாக வருவது ரெசினால்தான்.

கையில் எடுத்தால் உலோகம் கனமாக இருக்கும். அதில் ஒரு திருப்தி இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் விளிம்புகளின் கூர்மையும் வளைவுகளின் நுட்பமும் நல்ல ரெசினில் மேல்.

கதவுகூடத் திறக்காத மாடலுக்கு இவ்வளவு விலையா?

1:43இல் கதவு திறக்க வேண்டுமானால் தகட்டின் கனமும் இடைவெளியும் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடும். ஃபிகோனியின் கதவில் அசலிலேயே கோடு மயிரிழையாகத்தான் இருக்கும். அதைப் பள்ளமாக்கிவிட்டுத் திறந்து மூடி என்ன பயன்? முன்பு சொன்ன ஸெனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கதவு கீலில் சுழலாது. காரின் பக்கத்துக்கு இணையாக வெளியே வந்து பின்னோக்கி நகரும். சாதாரணக் கீல் வைத்துத் திறக்கச் செய்தால் அது ஸெனியாவே அல்ல. மூடியே இருப்பது நேர்மை.

1:18இல் நிலைமை வேறு. அங்கே திறந்துதான் ஆக வேண்டும்.

எந்தக் கம்பெனிகளின் மாடல்களைத் தேடலாம்?

பழையவற்றில் பிரான்சின் சோலிடோ. "பொற்காலம்" என்ற வரிசையில் புகாட்டி ருவாயால், டெலாயே 135, டெலாஜ் டி8-120, ஹிஸ்பானோ-சூயிஸா, வுவாசான் எல்லாம் 1:43இல் செய்தது. உறுதியான உலோகம், இன்றும் பழைய பொருள் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும். நுணுக்கத்தில் இன்றைய மாடல்களோடு போட்டிபோட முடியாது. ஆனால் உருவத்தின் விகிதத்தைப் பிடித்ததில் சில இன்றும் தோற்கவில்லை. இங்கிலாந்தின் மேட்ச்பாக்ஸ் பழங்கால வரிசையில் 1938 ஹிஸ்பானோ-சூயிஸா ஒன்று உண்டு. ஆனால் அது 1:48, பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு இடறும்.

இன்று 1:43இல் ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ், ஆட்டோகல்ட், நெதர்லாந்தின் மேட்ரிக்ஸ், மற்றும் ஸ்பார்க், இக்ஸோ. கலிஃபோர்னியாவில் பிரெஞ்சுக் கார்களுக்கென்றே இருந்து 2024இல் மூடப்பட்ட மலின் அருங்காட்சியகத்தின் கார்களை மினிசாம்ப்ஸ் தனி வரிசையாகவே செய்தது. 1:18இல் உச்சம் சிஎம்சி. அதன் டால்போ-லாகோவும் புகாட்டி அட்லாண்டிக்கும் எண்ணற்ற சிறு பாகங்களைக் கையால் பொருத்தியவை. விலை சில நூறு யூரோ. ஆட்டோஆர்ட்டின் அட்லாண்டிக் அதற்கு ஒரு படி கீழே. இத்தாலியின் புராகோ செய்த அட்லாண்டிக் பல படி கீழே, ஆனால் பலரும் இந்தப் பித்துக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

கையில் பணம் குறைவு. முதலில் எதை வாங்குவது?

பத்திரிகையோடு இணைப்பாக வந்த மாடல்களைத் தேடுங்கள். ஆல்டாயா, அஷெட் போன்ற பதிப்பகங்கள் ஒவ்வோர் இதழோடும் ஒரு 1:43 மாடல் வீதம் ஐரோப்பாவில் விற்றன. பெட்டியில்லாமல், இதழில்லாமல் கிடைக்கும் மாடல்கள் மிக மலிவு. பெயின்ட் சுமாராக இருக்கும். அச்சு பெரும்பாலும் நல்ல கம்பெனிகளுடையதாகவே இருக்கும். அதோடு ஒரு பழைய சோலிடோ. இரண்டையும் சில மாதம் பார்த்துக்கொண்டிருங்கள். உங்களுக்குப் பிடித்தது ஃபிகோனியா ஷாப்ரோனா என்று தெரிந்த பிறகு பெரிய செலவுக்குப் போகலாம்.

ஒரு மாடல் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சக்கரத்தைப் பாருங்கள். ஸ்போக் கம்பிகள் வார்த்த பிளாஸ்டிக்காக இருந்தால் தடித்துத் தெரியும். அமிலத்தால் அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகடாக இருந்தால் கம்பி கம்பியாகத் தெரியும். சக்கரத்தை மூடிய கார்களில் இந்தத் தொல்லை இல்லை, ஆகவே அங்கே தரையிலிருந்து உயரத்தைப் பாருங்கள். மட்கார்டின் கீழ்விளிம்பு அரை மில்லிமீட்டர் மேலே இருந்தால்கூடக் கார் கால் விரலில் நிற்பதுபோல் இருக்கும்.

அடுத்து மின்னும் பெயின்ட். அதில் கலந்த உலோகத் துகள் அசல் காரின் துகளளவே இருந்தால், மாடலில் அது சர்க்கரை தூவியதுபோல் பெரிதாகத் தெரியும். நல்ல கம்பெனிகள் துகளை மிக நுண்ணியதாக எடுப்பார்கள். கடைசியாக, பக்கவாட்டுப் புகைப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு கூரை வளைவை ஒப்பிடுங்கள். டால்போவில் அந்த வளைவு எங்கும் நேர்கோடாகக் கூடாது. பின் கண்ணாடிக்குக் கீழே சற்றே தட்டையாக்கிவிட்ட மாடல்கள் உண்டு. மற்றதெல்லாம் சரியாக இருந்தும் அவை வீண்.

பிரான்சில் சாலையின் வலப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள்? என் டெலாயே மாடலில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம் இருக்கிறது. தவறாகச் செய்துவிட்டார்களா?

இல்லை, சரியாகவே செய்திருக்கிறார்கள். புகாட்டி, டெலாயே, டெலாஜ், டால்போ முதலிய உயர்தரக் கார்களில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதுதான் அன்றைய வழக்கம். மலைப்பாதையில் சாலையின் விளிம்பை ஓட்டுநர் பார்த்துக்கொண்டே போகலாம்; நகரத்தில் சம்பள ஓட்டுநர் நேராக நடைபாதையில் இறங்கி முதலாளிக்குக் கதவு திறக்கலாம். போகப்போக அது கௌரவ அடையாளமாகவும் ஆகிவிட்டது. இடப்பக்க ஸ்டீயரிங் சாதாரணக் கார்களின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. பான்ஹார் 1936இல் "டினாமிக்" காரில் ஸ்டீயரிங்கை நடுவிலேயே வைத்துப் பார்த்தது.

ஹெட்லைட் மஞ்சளாக இருக்கிறது. பழசாகி நிறம் மாறிவிட்டதா?

பிரான்சில் முப்பதுகளின் இறுதியிலிருந்து 1993 வரை மஞ்சள் ஹெட்லைட் சட்டப்படி கட்டாயம். எனவே மாடலில் மஞ்சள் இருந்தால் தயாரித்தவர் கவனமானவர். 1934 கார் ஒன்று அது புதிதாக வெளிவந்த நாளைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு மஞ்சள் விளக்கோடு வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

புகாட்டி அட்லாண்டிக் ஒரு கம்பெனியில் கறுப்பு, இன்னொன்றில் வெளிர் நீலம். எது அசல் நிறம்?

இரண்டும் உண்மையான கார்கள். அட்லாண்டிக் மொத்தம் நான்குதான் செய்தார்கள்; மூன்று இருக்கின்றன. முதலாவது விக்டர் ரோத்ஸ்சைல்டுக்குச் சென்றது, சாம்பல் கலந்த வெளிர் நீலம்; மலின் சேகரிப்பில் இருந்தது அதுதான். கடைசியாகச் செய்தது ஆடை வடிவமைப்பாளர் ரால்ஃப் லாரனிடம் இருக்கிறது, இன்று கறுப்பு. ஆனால் அது முதலில் விற்கப்பட்டபோது நீலக்கல் நிறம். மூன்றாவது கார் 1955இல் ரயில்வே கேட்டில் ரயிலில் மோதிச் சிதைந்து, பிறகு மீட்டுக் கட்டப்பட்டது.

ஆகவே லாரன் காரின் கறுப்பு மாடல் காட்டுவது புதுப்பித்த பிறகான காரை. பெட்டியில் "1938" என்று போட்டுக் கறுப்பு அடித்திருந்தால் ஆண்டும் நிறமும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. எனக்கு அது உறுத்தும். உங்களுக்கு உறுத்தாவிட்டால் தாராளமாக வாங்குங்கள். பாடி கட்டிய கார்கள் எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான். அன்றைய புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. இன்று கண்காட்சிகளில் நாம் பார்க்கும் இருநிறப் பளபளப்பு பல வேளைகளில் புதுப்பித்தவரின் ரசனை. மாடல் கம்பெனி அளவெடுப்பது இன்றிருக்கும் காரைத்தான்.

முழுவதும் அழிந்துபோன கார்களுக்கும் மாடல் வருகிறதே, அதை எப்படி நம்புவது?

1935 பாரிஸ் கண்காட்சியில் புகாட்டி காட்டிய "ஏரோலித்" நல்ல உதாரணம். அட்லாண்டிக்கின் முன்னோடி, பின்னர் காணாமல் போனது. எலெக்ட்ரான் என்ற மக்னீசியக் கலப்புலோகத்தில் செய்தார்கள். வெல்டிங் செய்தால் தீப்பிடிக்கும் உலோகம் என்பதால் தகடுகளை விளிம்பு மடித்து, முதுகெலும்பு போல ரிவெட் அடித்துச் சேர்த்தார்கள். அட்லாண்டிக்கை அலுமினியத்தில் செய்தபோது அந்தத் தேவை இல்லை. ஆனால் ரிவெட் வரிசை அழகாக இருந்ததால் விட்டுவைத்தார்கள். சில புகைப்படங்களைக் கொண்டு கனடாவில் ஒரு பட்டறை ஏரோலித்தை முழு அளவில் மறுபடி கட்டியிருக்கிறது.

இத்தகைய மாடலில் புகைப்படத்தில் தெரியும் பக்கம் உறுதி. தெரியாத பக்கம் ஊகம். ஜான் புகாட்டி தம்மிடம் வைத்திருந்த கறுப்பு அட்லாண்டிக்கும் போரின்போது மறைந்துவிட்டது; அதன் சகோதரக் கார்கள் இருப்பதால் அங்கே ஊகத்துக்கு இடம் குறைவு.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி?

இந்தியச் சுங்கப் பட்டியலில் அளவு மாடல்களும் பொம்மைகளும் ஒரே தலைப்பில், 9503இல் வருகின்றன. 2020இல் அடிப்படை வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆக ஏறியது. அதன் பிறகும் விகிதம் மாறியிருக்கிறது, ஆகவே வரவழைக்கும் முன் அன்றைய விகிதத்தைப் பாருங்கள். பொம்மைகளுக்கான தரச்சான்று விதியும் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிறுவர் பொம்மை அல்ல, பெரியவர்கள் சேர்க்கும் மாடல் என்று விற்பவர் பெட்டியின்மேல் தெளிவாக எழுதித் தருவது நல்லது.

பழைய மாடலின் உலோகம் தானாகவே வெடிக்கிறது. நான் என்ன தவறு செய்தேன்?

நீங்கள் எதுவும் செய்யவில்லை, வார்த்தவர் செய்தது. இந்த மாடல்களின் உலோகம் துத்தநாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், செம்பு கலந்தது. துத்தநாகத்தில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும், ஆண்டுகள் கழித்து உள்ளிருந்து அரித்து, பெயின்ட் கொப்பளித்து, விரிசல் விட்டு உதிரும். போருக்கு முந்தைய உலோக பொம்மைகளில் இது சகஜம். அடுத்த மாடலுக்குத் தொற்றாது; அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தும் கிடையாது. ஈரமும் சூடும் வேகப்படுத்தும்.

வாங்கும் முன் மாடலைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். மட்கார்டு நுனியில் சிலந்திவலைக் கோடுகள் தெரிந்தாலோ, கதவு காரணமில்லாமல் இறுகியிருந்தாலோ கீழே வைத்துவிடுங்கள்.

நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் எப்படிக் காப்பாற்றுவது?

நேர் வெயில் படவே கூடாது. ரெசின் சூட்டில் வளையும். நீளமான பானெட் உள்ள டெலாஜ் போன்றவற்றில் மூக்கு தொங்குவது முதலில் தெரியும். அலமாரியில் சிலிகா ஜெல் பை வையுங்கள், மாதாமாதம் காயவைத்துத் திரும்ப வையுங்கள். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஹெல்லர் பெட்டியில் கட்டிய கார் பிசுபிசுத்துப்போகும்.

ஈயம் கலந்த வெள்ளை உலோகத்தில் செய்த கைவினை மாடல்களைப் புதிய மர அலமாரியில் அடைக்க வேண்டாம்; மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். டயரின் ரப்பரும் அடித்தட்டும் நெடுநாள் ஒட்டியிருந்தால் டயர் உருகிக் கறை பிடிக்கும், ஆக்ஸிலுக்கு அடியில் சிறு தாங்கி கொடுத்துச் சக்கரத்தை மயிரிழை தூக்கிவிடுங்கள். தூசிக்கு மென்மையான மேக்கப் பிரஷ், அவ்வளவுதான். ஈரத்துணி கண்ணாடித் துடைப்பானின் எமன்.

"500 மட்டுமே" என்று எண் போட்டு விற்கிறார்கள். பின்னால் விலை ஏறுமா?

பெரும்பாலும் ஏறாது. ரெசினில் 500 என்பது இயல்பான எண்ணிக்கை. முன்பே சொன்னபடி ரெசினில் சில நூறோடு நிறுத்திக்கொள்ளலாம். அதே காரை அடுத்த ஆண்டு இன்னொரு நிறத்தில் மறுபடியும் 500 விடுவார்கள். சில ஏறியிருக்கின்றன, ஆனால் எது ஏறும் என்று முன்கூட்டியே சொல்பவர் பெரும்பாலும் விற்பவர். வேறு பயன் இருக்கிறது. ஒரே கார்தான் அந்தப் பாடியோடு கட்டப்பட்டது என்றால், அதன் மாடலும் ஒருமுறை தீர்ந்தால் திரும்ப வருவது அரிது. பிடித்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

யாரோ நிறம் மாற்றி, புது சக்கரம் போட்ட பழைய சோலிடோவை "அபூர்வம்" என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

சேகரிப்பவர்கள் இதைக் "கோட் 3" என்பார்கள். தயாரித்தவரின் அனுமதியில்லாமல் பிறர் மாற்றியமைத்தது என்று பொருள். வேலை அழகாக இருந்தால் வாங்கலாம். சில கைகள் தொழிற்சாலையை மிஞ்சும். அபூர்வத்துக்கென்று கூடுதல் விலை மட்டும் கொடுக்காதீர்கள். திருகு இருக்க வேண்டிய இடத்தில் பசை, ரிவெட் தலையில் கீறல், உட்புறத்தில் பழைய நிறத்தின் மிச்சம் ஆகியவற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புகாட்டி ருவாயால் ஆறுதான் செய்தார்கள் என்கிறார்கள். என்னிடம் ஏழு வெவ்வேறு ருவாயால் மாடல்கள் இருக்கின்றன. எது பொய்?

எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சேசிஸ் ஆறு, ஆனால் அவற்றின்மேல் ஏறி இறங்கிய பாடிகள் அதைவிட அதிகம். 41111 என்ற சேசிஸைப் பாருங்கள். 1932இல் துணி வணிகர் அர்மான் எஸ்தேர் என்பவருக்காக, ஜான் புகாட்டி அதன்மேல் ஒரு திறந்த இருவர் காரை வரைந்தார். இரவில் ஓட்டப்போவதில்லை என்று எஸ்தேர் சொன்னதால் ஹெட்லைட்டே வைக்கவில்லை. முப்பதுகளின் இறுதியில் கார் கைமாறியபோது அந்தப் பாடியைக் கழற்றிவிட்டு, பின்தேர் நிறுவனம் மூடிய பாடி ஒன்றைக் கட்டியது. சேசிஸ் இன்றும் பின்தேர் பாடியோடுதான் இருக்கிறது.

இதற்கு மேலும் ஒரு முடிச்சு. மூலூஸ் நகரத்தின் கார் அருங்காட்சியகத்தில், ஷ்லும்ஃப் சகோதரர்களின் சேகரிப்பில் எஞ்சியிருந்த அசல் உதிரிபாகங்களைக் கொண்டு எஸ்தேர் கார் மறுபடி கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ஹெட்லைட் இல்லாத பச்சை ருவாயால் மாடல் உங்களிடம் இருந்தால், அது 1932இன் காரைக் காட்டுகிறதா, மூலூஸில் நிற்கும் காரைக் காட்டுகிறதா என்பது தயாரித்தவர் எதை அளந்தார் என்பதைப் பொறுத்தது. நான் எஸ்தேரையும் பின்தேரையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே சீட்டில் "41111" என்று எழுதி, கீழே ஆண்டுகளைக் குறித்திருக்கிறேன். தனித்தனிச் சீட்டு வைக்க வேண்டும் என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள்.